தண்டவாளத் தெருக்கள்: கியோட்டோ வண்டியில் ஹிரோஷிமா

கியோட்டோவில் டிராம் இருந்த தெருக்களைப் பேருந்தில் சுற்றியதும், 1978-ல் அங்கே கடைசி வண்டி நின்றதும் போன வாரம் வந்தது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். இந்த வாரம் ஹிரோஷிமாவில் முதல் நாள், முழுக்கச் சாப்பாடு என்று சொல்லியிருந்தேன். சாப்பாடு வரும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி ஒரு வரிகூட என்னால் எழுத முடியாது.

கியோட்டோவின் டிராம் சாகவில்லை. ஹிரோஷிமாவில் ஓடுகிறது.

கியோட்டோ மாநகராட்சி தன் டிராம்களுக்கு மூடுவிழா நடத்திக்கொண்டிருந்த 1977, 78-ல், ஹிரோஷிமாவின் டிராம் கம்பெனி அங்கிருந்து 15 வண்டிகளை வாங்கி வந்தது. இந்தக் கம்பெனியை ஊரில் எல்லோரும் 'ஹிரோடென்' என்றே சொல்கிறார்கள். வாங்கி வந்த வண்டிகளுக்குத் தன் நிறத்தைப் பூசவில்லை. கீழே பச்சை, மேலே வெளிர்மஞ்சள் என்று கியோட்டோ தெருக்களில் எப்படி ஓடினவோ அப்படியே ஓடவிட்டது. அதோடு ஒவ்வொரு வண்டிக்கும் கியோட்டோவின் ஒரு பெயரைச் சூட்டியது. கியோன், அராஷியாமா, கியோமிஸு, ஹிகஷியாமா என்று அந்த ஊரின் மலையும் கோயிலும் வீதியும் ஹிரோஷிமாவின் தண்டவாளத்தில் போய் வருகின்றன. பிறந்த ஊர் கைவிட்ட பொருளை இன்னோர் ஊர் எடுத்து, அதன் பழைய ஊரின் பெயரையும் விடாமல் காப்பாற்றுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஷின்கான்சென்னிலிருந்து இறங்கி, டிக்கெட் வாயிலைத் தாண்டி, படி இறங்க வேண்டிய வேலையே இல்லாமல் டிராம் நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். 2025 ஆகஸ்டு 3 முதல் ஹிரோஷிமாவில் டிராம், ரயில் நிலையத்தின் இரண்டாம் தளத்துக்கே ஏறி வருகிறது. முன்பெல்லாம் ஸ்டேஷன் வாசலில் சுற்றி வளைத்து வந்து நிற்கும். இப்போது ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் தண்டவாளம் மேலேறிக் கட்டடத்துக்குள் நுழைந்துவிடுகிறது. பெரும்பாலான ஊர்களில் டிராமை ஓரங்கட்டுவார்கள், இல்லையென்றால் பிடுங்கி எறிவார்கள். நூறு வயது தாண்டிய டிராம் பாதைக்காக ஒரு நகரம் தன் ரயில் நிலையத்தின் நடுக்கூடத்தைத் திறந்துவிட்டிருக்கிறது. கைப்பெட்டியோடு வந்த ஒரு முதியவர் வண்டி உள்ளே ஏறி வருவதை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். உள்ளூர்க்காரர் மாதிரித் தெரிந்தது. அவருக்கும் இன்னும் புதுசு விடவில்லை போலிருக்கிறது.

முதலில் ஐந்து பெட்டி கோத்த புத்தம்புது நீள வண்டி வந்தது. போகட்டும் என்று விட்டேன். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதாகத் தாழ்வாரத்தின் முனையில் பச்சையும் வெளிர்மஞ்சளுமாக ஒற்றைப் பெட்டி தலைகாட்டியது. முகப்பில் சின்னப் பெயர்ப்பலகை: அராஷியாமா. கியோட்டோவில் அந்த மலையடிவாரத்தில்தான் சில நாள் முன்பு நடந்திருந்தேன். நடுக்கதவில் ஏறி, டிரைவருக்கு நேர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார இடம் இருந்தது, ஆனால் இந்த மாதிரி வண்டியில் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. வெள்ளைக் கையுறை போட்ட இடக்கை வேகக் கைப்பிடியில், வலக்கை பிரேக்கில். சிக்னல் மாறியதும் டிரைவர் அதை விரலால் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, கைப்பிடியை ஒரு பல் திருப்பினார். அடியிலிருந்து மோட்டாரின் முனகல் எழுந்து, வேகம் ஏற ஏறச் சுதி கூடியது. புது வண்டிகளில் இந்தச் சத்தம் கிடையாது.

இப்போது இந்த ஊர் மற்ற ஊர்களின் டிராம்களை ஏன் சேர்த்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஹிரோஷிமா, ஓட்டா ஆறு கடலில் சேரும் இடத்தில் பல கிளைகளாகப் பிரிந்து விட்டுச்சென்ற மணல்திட்டுகளின் மேல் இருக்கிறது. மண் இளகியது, தோண்டிச் சுரங்கரயில் விடுவது பெருஞ்செலவு. 1912 நவம்பரில் டிராம் வந்தபோது கோட்டை அகழியின் ஒரு பகுதியைத் தூர்த்து அதன்மேல் தண்டவாளம் போட்டார்கள். 1960-களில் கார்கள் பெருகின. 1963-ல் டிராம் பாதைக்குள் கார்களும் ஓடலாம் என்று அனுமதித்தார்கள். உடனே டிராம் நெரிசலில் மாட்டி ஊர்ந்தது, ஆட்கள் ஏறுவது குறைந்தது. ஜப்பான் முழுக்க இதே கதைதான். ஒசாகா 1969-லும் கோபே 1971-லும் டிராமை நிறுத்திவிட்டன. ஹிரோஷிமாவில் மட்டும் கதை திரும்பியது. 1971-ல் காவல்துறை, டிராம் பாதையில் கார் ஏறக்கூடாது என்று பழையபடி தடை போட்டது. அந்த ஒரு முடிவில் வண்டிகள் நேரத்துக்கு ஓட ஆரம்பித்தன, ஏறும் ஆட்களும் திரும்பினார்கள். போக்குவரத்து என்றாலே பாலம் கட்டுவதும் சாலையை அகலப்படுத்துவதும்தான் என்று நினைப்பவர்கள் இந்த 1971 முடிவைப் படிக்க வேண்டும். ஒரு கோடு போட்டு 'இதற்குள் வராதே' என்று சொல்லி, அதை உறுதியாக நடத்தியதில் ஒரு நகரத்தின் போக்குவரத்து பிழைத்தது.

ஓட்ட வண்டிகள் வேண்டும், புதிதாக வாங்கப் பணம் இல்லை. பக்கத்து ஊர்களிலோ நல்ல வண்டிகள் கழிவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒசாகாவிலிருந்து வாங்கினார்கள், கோபேயிலிருந்து வாங்கினார்கள், ஃபுக்குவோக்காவிலிருந்து வாங்கினார்கள், பிறகு கியோட்டோ. 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகர வண்டிகளும் வந்து இறங்கின. இன்னொரு ஜெர்மன் நகரமான ஹனோவர், ஹிரோஷிமாவின் சகோதர நகரம். ஹிரோஷிமா அங்கே ஒரு தேநீர்க் குடிலைக் கட்டிக்கொடுத்தது, பதிலுக்கு ஹனோவர் தன் பழைய டிராம் ஒன்றை அனுப்பியது. அதில் குளிர்சாதனம் இல்லை என்பதால் குளிர்காலத்தில் மட்டும் வெளியே எடுக்கிறார்கள். தேநீர்க் குடிலுக்கு ஒரு டிராம்! இரண்டு நகரங்கள் இப்படிச் சீர் மாற்றிக்கொண்டதை நினைக்க நினைக்க எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 1999-ல் முதல் தாழ்தள வண்டியை ஜெர்மனியின் சீமென்ஸிடம் வாங்கினார்கள். அது கப்பலில்கூட வரவில்லை. அந்தோனோவ் என்ற ராட்சத சரக்கு விமானத்தின் வயிற்றுக்குள் ஏறி ஹிரோஷிமா விமான நிலையத்தில் வந்து இறங்கியது. பறந்து வந்த டிராம்!

இன்றைக்கு ஜப்பானிலேயே மிகப் பெரிய டிராம் வலைப்பின்னல் இதுதான். ஓடும் அருங்காட்சியகம் என்று செல்லப்பெயரும் உண்டு.

நம் ஊர்க் கணக்கையும் இந்த இடத்தில் வைத்துவிடுகிறேன். ஜப்பானின் முதல் மின்சார டிராம் கியோட்டோவில் ஓடியது 1895 பிப்ரவரி 1-ல். இந்தியாவின் முதல் மின்சார டிராம் சென்னையில் ஓடியது அதே 1895-ன் மே 7-ல். மூன்றே மாத இடைவெளி. கல்கத்தாவில் குதிரை டிராம் முந்தியது என்றாலும், மின்சாரத்தில் நாம்தான் மூத்தவர்கள். சென்னை டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. அதன் வண்டிகளைப் பச்சை மாறாமல் வாங்கி ஓட்ட ஒரு ஹிரோஷிமா நமக்கு வாய்க்கவில்லை. அந்த ஆதங்கம்தான் இந்தத் தொடரையே எழுத வைக்கிறது என்பது வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும்.

போன வாரம் இடமில்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. கியோட்டோவில் டிராம் புதிதாக ஓடியபோது வண்டிக்கு முன்னால் ஒரு பையன் ஓட வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். "டிராம் வருது, ஒதுங்குங்க" என்று கத்திக்கொண்டே ஓடுவான். இரவானால் கையில் விளக்கு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மின்சார வண்டிக்கு முன்னால் நாளெல்லாம் ஓடினார்கள். சில வருடங்களில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அந்தப் பையன்களுக்கு மாலையில் என்ன சாப்பாடு கிடைத்திருக்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

சாப்பாட்டுக்கே வருகிறேன். ஸ்டேஷனில் வாங்கிய சோற்று உருண்டைகள் பையில் இருந்தன. கடற்பாசித் தாள் சுற்றி, நடுவில் உப்பில் ஊறிய பிளம் காய் வைத்தது. இங்கே அதை 'முசுபி' என்கிறார்கள். 'கெம்பாக்கு தோமு-மாயே' நிறுத்தத்தில் இறங்கினேன். அணுகுண்டு மாடக் கட்டடத்தின் எதிரில் இருக்கும் நிறுத்தம் அது. மோட்டோயாசு ஆற்றின் கரையில் கல்படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இந்த ஊரின் ஆறுகள் கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன. படகிலிருந்து சரக்கு இறக்க அந்தக் காலத்தில் கட்டிய படிகள் கரை நெடுகிலும் உண்டு. தண்ணீர் வற்றும் நேரத்தில் கீழ்ப்படிகள் பாசியோடு வெளியே தெரியும், ஏறும் நேரத்தில் மூழ்கிவிடும். நான் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு படி நனைந்தது.

எதிரே அந்த மாடம். 1915-ல் யான் லெட்செல் என்ற செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த பொருட்காட்சிக் கூடம் அது. உள்ளூர்ப் பொருட்களை விற்கவும் காட்டவும் கட்டியது. இந்தக் கூடத்துக்கு ஒரு தின்பண்டக் கதை இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. முதல் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட ஜெர்மன் கைதிகளை ஹிரோஷிமாவுக்கு எதிரே உள்ள நினோஷிமா தீவில் வைத்திருந்தார்கள். 1919 மார்ச்சில் அந்தக் கைதிகள் செய்த பொருட்களுக்கு இதே கூடத்தில் கண்காட்சி நடந்தது. கார்ல் யூக்ஹைம் என்ற கைதி ஒரு மிட்டாய்க்கடைக்காரர். அவர் அங்கே பௌம்கூக்கன் சுட்டு விற்றார். நெருப்புக்கு மேலே சுழலும் கம்பியில் மாவை ஊற்றி, ஒரு சுற்று வெந்ததும் அதன்மேல் அடுத்த சுற்று என்று ஏற்றிக்கொண்டே போகிற கேக். வெட்டினால் மரத்தின் வளையங்கள் போலவே இருக்கும். ஜப்பானில் பௌம்கூக்கன் விற்ற முதல் இடம் இதுதான். இன்றைக்கு ஜப்பானில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கொடுக்கிற அளவுக்கு அது சொந்தப் பலகாரமாகிவிட்டது, எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும்.

யூக்ஹைம் விடுதலையான பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. யோக்கோஹாமாவில் கடை வைத்தார். 1923 பூகம்பத்தில் அது அழிந்தது. கோபேயில் மறுபடி தொடங்கினார். 1945 ஆகஸ்டு 14-ல், ஜப்பான் சரணடைந்ததாக அறிவித்த நாளுக்கு முந்தின நாள், இறந்துபோனார். அதற்கு எட்டு நாள் முன்னால் அவர் முதன்முதலில் கேக் விற்ற கூடத்துக்கு மேலேதான், 160 மீட்டர் தள்ளி, 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது.

டிராம் அந்தக் கூடத்தை ஒட்டி ஐயோய் பாலத்தில் ஆற்றைக் கடக்கிறது. குண்டு போட வந்த விமானம் குறிவைத்தது இந்தப் பாலத்தைத்தான். வானத்திலிருந்து பார்த்தால் தெளிவாக அடையாளம் தெரியும்: ஆற்றின் குறுக்கே ஒரு நேர்ப்பாலம், அதன் நடுவிலிருந்து எதிர்த்தீவின் முனைக்கு ஒரு கிளை. இந்த வடிவம் எப்படி வந்தது என்று தேடினால் அங்கேயும் டிராம் நிற்கிறது. பழைய நடைபாலங்கள் தீவின் முனை வழியாக வளைந்து போயின. டிராமுக்கு நேர்வழி தேவைப்பட்டது, அதற்காக ஆற்றை நேரே கடக்கும் பாலம் வந்தது. 1930-களில் அதைப் புதுப்பித்தபோது தீவுக்கு நடுவிலிருந்து ஒரு கிளையைச் சேர்த்தார்கள். பாலத்தில் நின்றிருந்த நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த ஒரு வண்டி என்னைத் தாண்டிப் போனது.

பக்கத்தில் இருக்கும் அணுகுண்டு நினைவு அருங்காட்சியகத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு பொருளைச் சொல்கிறேன். குண்டு விழுந்த அன்றைக்குக் காலையில் வேலைக்குப் போன ஒரு பள்ளிப் பையனின் மதியச் சாப்பாட்டு டப்பா. உள்ளே சோறு கரிக்கட்டியாக இருக்கிறது. பார்லியும் சோயாவும் கலந்த சோறு, உருளைக்கிழங்கு. அவன் அம்மா நிலத்தைக் கொத்தி விளைவித்ததன் முதல் அறுவடையிலிருந்து செய்தது. அதைப் பார்த்த பிறகு வெகு நேரம் எங்கும் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தேன்.

பசி பிறகு வந்தது. ஹிரோஷிமாவில் பசித்தால் ஒகோனோமியாக்கிதான். நகரின் நடுவில் ஒரு முழுக் கட்டடத்தையே இதற்காக விட்டிருக்கிறார்கள், 'ஒகோனோமிமூரா' என்று பெயர். தளத்துக்குத் தளம் சின்னச் சின்னக் கடைகள். போருக்குப் பின் பக்கத்து மைதானத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த தள்ளுவண்டிக் கடைகளின் வாரிசுகள் இவை. நான் அதற்குள் போகவில்லை, பின்தெருவில் எட்டுப் பேர் உட்காரும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்குள் மேஜையே கிடையாது. நீளமான இரும்புக்கல், அதைச் சுற்றி நாற்காலிகள். அறுபது தாண்டிய அம்மா ஒருவர் கல்லுக்கு அந்தப் பக்கம். தனியாக வருகிறவருக்கு இதைவிட நல்ல கடை உலகத்தில் இல்லை. எதிரே ஆள் வேண்டாம், பேச்சு வேண்டாம், நேரம் போவதே தெரியாது. கல்லில் நடப்பதைப் பார்த்தால் போதும்.

"சோபாவா, உடோனா?" அவர் கேட்டது அவ்வளவுதான். சோபா என்றேன்.

ஒரு கரண்டி நீர்த்த மாவை ஊற்றிக் கரண்டியின் அடியால் சுற்றி இழுத்தார், நம் வீட்டுத் தோசையேதான். அதன்மேல் காய்ந்த மீன்தூள் ஒரு சிட்டிகை. பிறகு இரண்டு கையாலும் அள்ளி நீளநீளமாக நறுக்கிய முட்டைகோஸ். இவ்வளவும் எப்படி நிற்கும் என்று தோன்றுகிற உயரம். அதற்கு மேல் முளைப்பயறு, பொரித்த மாவுத்துளிகள், மூன்று கீற்றுப் பன்றி வயிற்றுக்கறி. எல்லாவற்றின் தலையிலும் கொஞ்சம் மாவு தெளித்தார். இரண்டு இரும்புத் தட்டகப்பைகளைக் கீழே செருகி, ஒரே வீச்சில் கவிழ்த்தார். ஒரு இழைகூடச் சிதறவில்லை. ஓரங்களை உள்ளே தள்ளிவிட்டு, அதன்பிறகு அதைத் தொடவே இல்லை. வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

முக்கியமான வேலை அந்தத் தொடாத நேரத்தில்தான் நடக்கிறது. மேலே மாவுத்தோல் மூடியாக இருக்கிறது, கீழே கறியின் கொழுப்பு உருகுகிறது, நடுவில் முட்டைகோஸ் தன் தண்ணீரிலேயே அவிந்து இனிக்க ஆரம்பிக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலை பாதியாக இறங்கியது. ஒசாகாவில் மாவோடு கோஸைக் கலக்கி ஊற்றிவிடுவார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுக்கி வைத்துக் காத்திருப்பதால் கிடைக்கும் இந்த இனிப்பு கலக்கினால் வராது. என் வாக்கு ஹிரோஷிமாவுக்கே.

பக்கத்தில் கோதுமை நூடுல்ஸைக் கல்லில் பிரித்துப் போட்டு மொறுவலாக்கி வட்டமாகச் சேர்த்தார். இங்கே சோபா என்றால் அந்த நூடுல்ஸ்தான். கோஸ் மலையைத் தூக்கி அதன் தலையில் வைத்தார். ஒரு முட்டையை உடைத்து வட்டமாகத் தடவி, மொத்தத்தையும் அதன்மேல் அமர்த்தி, கடைசியாக ஒருமுறை கவிழ்த்தார். முட்டை மேலே வந்தது. தூரிகையால் கறுத்த சாஸ், அதன்மேல் பச்சைக் கடற்பாசித்தூள். சூடான கல்லில் சாஸ் வழிந்து பொரியும் வாசனைக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் நாளிதழை மடித்துவைத்துவிட்டார்.

அந்த சாஸுக்கும் ஒரு கதை. முதலில் தண்ணீராக ஓடும் வூஸ்டர் சாஸைத்தான் ஊற்றிவந்தார்கள். கல்லில் வழிந்து வீணாகிறது என்று கடைக்காரர்கள் குறைப்பட, வினிகர் காய்ச்சிக்கொண்டிருந்த உள்ளூர் கம்பெனியான ஒட்டாஃபுக்கு 1952-ல் கெட்டியான சாஸைச் செய்து கொடுத்தது. அதன் இனிப்புக்கு அவர்கள் சேர்ப்பது பேரீச்சம்பழம். மேற்காசியப் பாலைவனத்தின் பழம், கடல் கடந்து வந்து ஹிரோஷிமாவின் அடையாள ருசிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கேட்ட பிறகு அடுத்த வாயில் தேடினேன், நாக்கின் பின்பக்கத்தில் தெரிந்தது.

நான் தட்டைத் தேடியதைப் பார்த்து, பக்கத்து நாற்காலிக்காரர் தன் சின்ன இரும்பு அகப்பையைத் தூக்கிக் காட்டினார். 'ஹேரா' என்பார்கள். கல்லின் மேலேயே வெட்டி, அதிலேயே எடுத்து, நேரே வாய்க்கு. "கல்லு மேலயே சாப்பிடுங்க, கடைசி வரைக்கும் சூடு இருக்கும்" என்று உடைந்த ஆங்கிலத்திலும் மிச்சத்தைக் கையாலும் சொன்னார். அப்படியே செய்தேன். அடியில் நூடுல்ஸ் மொறுமொறுப்பு, நடுவில் கோஸின் குழைவு, மேலே முட்டை. ஒரே வெட்டில் எல்லா அடுக்கும் வர வேண்டும் என்றால் அகப்பையை நேராக இறக்க வேண்டும். அந்தப் பெரியவர் இறக்குவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

இது ஏழைகளின் சாப்பாடு. போருக்கு முன்னால் மாவைத் தடவிக் கொஞ்சம் வெங்காயத்தாள் தூவி மடித்து ஒரு சென் காசுக்குப் பிள்ளைகளுக்கு விற்றார்கள். எரிந்துபோன நகரத்தில் அரிசி இல்லை, அமெரிக்காவிலிருந்து கோதுமை மாவு வந்தது. பிள்ளைகளின் பண்டத்தைப் பெரியவர்களின் பசிக்கு வளர்த்தார்கள். விலை குறைவு, அளவு நிறைய என்பதால் கோஸ் வந்தது, பிறகு நூடுல்ஸ். கணவரை இழந்த பெண்கள் பலர் வீட்டின் முன்னறையில் ஒரு கல்லைப் போட்டுக் கடை தொடங்கினார்கள். அதனால்தான் இந்த ஊரில் எத்தனையோ கடைகளுக்கு, வீட்டில் செல்லமாகக் கூப்பிடுவது மாதிரி, ஆளின் பெயரே பெயர். நான் போன கடைக்கும் அப்படித்தான். அது கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றவரின் அம்மாவின் பெயர் என்று காசு கொடுக்கும்போது தெரிந்தது. நன்றாக இருந்தது என்று சொன்னதற்கு இடுப்பு வரை குனிந்தார்.

மாலையில் 1-ஆம் தடத்தில் துறைமுகம் நோக்கிப் போனேன். வழியில் 'சூடென்-மாயே' நிறுத்தம். 651 என்ற எண்ணுள்ள வண்டி 1945 ஆகஸ்டு 6 காலையில் இந்தப் பக்கம்தான் இருந்தது. வெடித்த இடத்திலிருந்து 700 மீட்டர். பாதி எரிந்துபோன அந்த வண்டியைச் சரிசெய்து அடுத்த ஆண்டே பாதையில் ஏற்றினார்கள். ஹிரோடென்னின் 123 வண்டிகளில் 108 சேதமாகியிருந்தன. ஊழியர்கள் 185 பேர் இறந்தார்கள்.

மியூக்கி பாலத்தில் இறங்கினேன். அன்றைக்கு நகரத்துக்குள் நடந்ததைக் காட்டும் முதல் படங்களை எடுத்தவர் யோஷிதோ மட்சுஷிகே, 'சூகோக்கு' நாளிதழின் படக்காரர். நாள் முழுக்கச் சுற்றியும் அவரிடம் மிஞ்சியவை ஐந்து படங்கள்தான், அதில் இரண்டு இந்தப் பாலத்து முனையில் எடுத்தவை. பிற்பாடு ஊருக்குள் எரிந்து நின்ற ஒரு டிராமின் படியில் கால் வைத்து உள்ளே பார்த்ததாகவும், கேமராவை எடுத்தும் அமுக்க முடியாமல் இறங்கிவிட்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். படம் எடுத்த இடத்தில் அந்தப் படத்தையே பலகையாக நட்டிருக்கிறார்கள்.

பாலத்துக்குப் பக்கத்தில்தான் ஹிரோடென்னின் பெண்கள் பள்ளி இருந்தது. ஆண்கள் எல்லோரும் போருக்குப் போய்விட்டதால் 1943-ல் கம்பெனி அதைத் தொடங்கியது. பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் டிராமில் வேலை. கிராமங்களிலிருந்து வந்த 14, 15 வயதுப் பெண்கள் முதலில் டிக்கெட் கொடுத்தார்கள், பிறகு வண்டியே ஓட்டினார்கள். நின்றுகொண்டு, சிக்னலைச் சுட்டிக்காட்டி, கைப்பிடியைத் திருப்பி. காலையில் அராஷியாமா வண்டியில் நான் பார்த்த அதே கையசைவு. ஆகஸ்டு 6-ல் மாணவிகள் சுமார் 30 பேர் இறந்தார்கள்.

மூன்றாம் நாள், ஆகஸ்டு 9-ல், மேற்கே கோயி நிறுத்தத்திலிருந்து நிஷி-தென்மா வரை ஒற்றைப் பாதையில் டிராம் ஓடியது. ஊர் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அந்த வண்டிகளில் வேலை பார்த்தவர்களில் பிழைத்த மாணவிகளும் உண்டு. காசு இல்லாதவர்களிடம் கேட்க வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்களாம். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் அந்தச் செப்டம்பரிலேயே பள்ளியை மூடிவிட்டார்கள். வண்டி ஓட்டிய பெண்கள் ஊருக்குப் போனார்கள், வெகு காலம் அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு இது ஆறவில்லை. ஒரு நகரம் மூன்றாம் நாள் எழுந்து நடந்ததென்றால் அந்த நடையில் இந்தப் பெண்களின் கை இருந்தது.

651-ம் அதன் ஜோடி 652-ம் இன்னும் கம்பெனியில் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை. வேலைநாள் காலை நெரிசலில் ஆபீஸ் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன.

இரவுச் சாப்பாடாகச் சிப்பி சாப்பிட்டதை எழுத உட்கார்ந்தால் இதழ் அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கிவிட்டது. ஜப்பானில் வளர்க்கும் சிப்பியில் பாதிக்கு மேல் இந்த வளைகுடாவில் விளைகிறது. அதை இரண்டு வரியில் முடிப்பது அந்தச் சிப்பிக்கே அவமரியாதை, ஆகவே அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்குகிறேன். பிறகு 2-ஆம் தடத்தில் மியாஜிமா. நகருக்குள் தெருவில் டிராமாகப் போகிற வண்டி, அந்தப் பழைய கோயி நிறுத்தத்தைத் தாண்டியதும் தனிப்பாதை ஏறி ரயிலாகிவிடும். அதன் கடைசி நிறுத்தத்தில் 1901 முதல் கடல்விலாங்குச் சோறு விற்கும் கடை ஒன்று இருக்கிறது. காலை ஏழு மணிக்கு நிறுத்தத்தில் நிற்பதாகத் திட்டம். 651 எந்தத் தடத்தில் வந்தாலும் முதலில் அதில் ஏறிக்கொள்வேன், மியாஜிமா எங்கும் ஓடிப்போகாது.

(தொடரும்)